மண்ணெடுத்துக் கொடுக்காத வரப்பு

11-06-2001 — ரூ. 6,575
01-01-2007 — ரூ. 9,140
19-02-2009 — ரூ. 60
30-09-2010 — ரூ. 14,902
27-01-2011 — ரூ. 500
14-03-2012 — ரூ. 10,38,226

மேலே உள்ள முதல் தொகை, காத்தான் மகள் வேம்பு பொன்னிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய மாதச் சம்பளம். இரண்டாவது, அவள் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் வந்தபோது இருந்த சம்பளம். நான்காவது, கடைசிச் சம்பளம். ஆறாவது, அவள் வேலையில் சேர்ந்ததே செல்லாது என்று சொல்லி, அதுவரை கொடுத்த அத்தனையையும் பல்கலைக்கழகம் திருப்பிக் கேட்ட தொகை. அறுபது ரூபாயும் ஐந்நூறு ரூபாயும் அவளுடைய தகப்பனார் காத்தான் சம்பந்தப்பட்டவை. அவற்றைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் மரபுக் கூடத்தில் பதிவேடுகள் என் பொறுப்பில் இருந்தன. மரபுக் கூடம் என்றால் ஏற்றம், பத்தாயம், மீன் பிடிக்கும் பரி, பழைய புகைப்படங்கள் எல்லாம் வைத்திருக்கும் பெரிய ஓட்டுக் கட்டடம். வேம்பு அங்கே தொழில்நுட்ப உதவியாளர். பொருள்களைத் துடைத்து, பூச்சி அரிக்காமல் மருந்திட்டு, பக்கத்தில் வைக்கும் குறிப்பு அட்டைகளை எழுதுவது அவள் வேலை. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் எனக்கு எதிர் மேசையில் இருந்தாள்.

பிறந்தது 1978இல், பூதலூருக்குத் தெற்கே ஆவாரங்குடியில். ஊருக்குள் அல்ல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், களத்துமேட்டின் சரிவில் ஆறு குடிசைகள் இருந்தன. ஆறும் இருளர் குடும்பங்கள். நெல்வயலில் எலி பிடிப்பது அவர்கள் தொழில். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் எலி இறங்கினால் ஒரு மா நிலத்தை நாலே ராத்திரியில் மொட்டையாக்கிவிடும். இவர்கள் வரப்பில் வளையைக் கண்டுபிடித்து, ஒரு வாயில் மண்சட்டிப் புகையை ஊதி, மறு வாயில் தோள்வரை கையை விட்டுப் பிடிப்பார்கள். எலி அவர்களுக்கு. எலி உள்ளே இழுத்துச் சேர்த்துவைத்த கதிரும் அவர்களுக்கு. நிலத்துக்காரருக்குப் பயிர் மிஞ்சும். பணமாக யாரும் எதையும் கொடுத்ததில்லை.

ஆனால் தாமாகப் போய் ஒரு வரப்பிலும் மண்வெட்டி வைக்கமாட்டார்கள். நிலத்துக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டது மட்டும் போதாது. அவரோ அவர் வீட்டு மனிதரோ வரப்பில் நின்று, அந்த வரப்பிலிருந்தே ஒரு பிடி மண் எடுத்து, எலி பிடிப்பவர் கையில் போட வேண்டும். அதை வாங்கி மடியில் முடிந்துகொண்ட பிறகுதான் முதல் வெட்டு.

இதற்குக் காரணம் சாமி இல்லை. காத்தானுடைய பாட்டனார் கூப்பிடாத வரப்பில் வளை தோண்டிவிட்டார். வெட்டிய இடம் உடைத்துக்கொண்டு இரவோடு இரவாகத் தண்ணீர் அடுத்தவர் பங்கு நிலத்துக்கு ஓடிவிட்டது. களத்துப் புளியமரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனார். அதன் பிறகு அந்த ஆறு வீட்டிலும் மண் வாங்காமல் யாரும் வரப்பைத் தொட்டதில்லை. கேட்பார் வந்தால் மடியை அவிழ்த்துக் காட்டலாம். அவர்களிடம் இருந்த ஒரே பத்திரம் அந்தப் பிடி மண்தான்.

ஆவாரங்குடியில் பெரிய மிராசு நடராசன். காத்தான் அவரை ஆண்டை என்பார். நடராசன் நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ எனக்குத் தெரியாது. வருஷம் தவறாமல் கூப்பிட்டு மண் போட்டார். 1995இல் வேம்பு கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தபோது, "என் நிலத்தில் பரம்பரையாக எலி பிடிக்கும் இருளர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்துக் கோட்டாட்சியர் சான்றிதழ் கொடுத்தார். அதில்தான் அவள் படித்தாள், எம்.ஏ. முடித்தாள், பழங்குடியினருக்கு ஒதுக்கிய இடத்தில் வேலைக்கு வந்தாள்.

அதே காலத்தில் மிராசு வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நடராசனின் ஒரே மகன் சதீஷ் கம்ப்யூட்டர் படித்து சிங்கப்பூர் போனான். 1999இல் நடராசன் இறந்தபோது வந்து காரியம் முடித்து, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுத் திரும்பினான். குத்தகைக்காரர் பட்டுக்கோட்டைக் கடையிலிருந்து எலி மருந்து வாங்கிவந்து சோற்றில் பிசைந்து வரப்போரம் வைத்தார். செத்த எலியைத் தின்ற ஆந்தைகளும் செத்தன. காத்தான் கொத்து வேலைக்குச் சித்தாளாகப் போனார்.

"குத்தகைக்காரர்கிட்ட மண்ணு வாங்கிக்கக் கூடாதா?" என்று பின்னால் ஒருமுறை காத்தானிடம் கேட்டேன்.

"அவருதா சார் அது? அவரே குத்தகைக்கு வாங்கித்தான வச்சிருக்காரு" என்றார்.

கூடத்தின் மேற்குச் சுவரில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தது. வரப்பில் ஒரு வாலிபன் குப்புறப் படுத்து, இடது கையை அக்குள்வரை வளைக்குள் விட்டிருக்கிறான். முகம் காமிரா பக்கம் திரும்பியிருக்கிறது. கீழே அட்டையில்: "இருளர் ஆண், எலி பிடிக்கும் நிலையில். பூதலூர் வட்டாரம், 1974." வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் எடுத்தது. வேம்பு சேர்ந்த முதல் வாரமே அந்தப் படத்தின் முன் நின்றுவிட்டாள். அது அவளுடைய அப்பா.

2003இல் ஒரு நாள் காத்தானைக் கூட்டிவந்து காட்டினாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தவர், படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆண்டையோட மேலப் பங்கு. அந்தா தெரியுது பாரு மதகு. அது இப்ப இல்ல."

"உன்னைப் பாருன்னா மதகைப் பாக்குறியே" என்றாள் வேம்பு.

"என்னை எதுக்குப் பாக்கணும்? என்னைத்தான் தெரியுமே. பேரு போட்டிருக்கா?"

"இல்லப்பா. 'இருளர் ஆண்'னு போட்டிருக்கு."

"ஆண்டை பேரு?"

"அதுவும் போடல."

"அப்ப சரி" என்றார் காத்தான். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போது, "நகருப்பா, தூசி" என்று சொல்லிக்கொண்டே துடைப்பாள்.

காத்தானுக்கு இடது கையில் மோதிர விரலின் நுனி இல்லை. பத்தொன்பது வயதில், அந்தப் படம் எடுப்பதற்கு முன்பே, வளைக்குள் விரியன் கடித்தது. வெளியே எடுத்த உடனேயே அரிவாளால் தானே வெட்டிப்போட்டார். பின்னால் இந்த விரல் விவகாரம் வரும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2007 ஜனவரியில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. வேம்பு முதல் பெயர். அடுத்த பெயர் பிரகதீஸ்வரி, அதே பிரிவு. பிப்ரவரியில் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது, வேம்புவின் சான்றிதழ் போலி என்று. யார் எழுதியது என்று தெரியாது. நானும் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் அதற்கு முன்பே பேச்சு இருந்தது.

"வேம்பு, எலிக்கறி எப்படி இருக்கும்? ஒரு நாள் டப்பாவுல கொண்டாயேன்" என்பாள் பிரகதீஸ்வரி, சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது.

"கொண்டாரேன் மேடம். உங்க தயிர்சாதத்தை வச்சுக்கங்க, மாத்திக்கலாம்."

கடிதம் வந்த பிறகு பேச்சு மாறியது. "இங்கிலீஷ்ல நோட் போடுற, காட்டன் புடவை கஞ்சி போட்டுக் கட்டுற. எந்தக் காட்டுலேருந்து வந்தேன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"வயக்காட்டுலேருந்துன்னு சொல்லுவேன்" என்றாள் வேம்பு. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

சான்றிதழைச் சரிபார்க்க ஒரு குழு அமைந்தது. வருவாய்த் துறை அதிகாரி ஒருவர், போலீஸ் ஆய்வாளர் ஒருவர், மானிடவியல் நிபுணராக எங்கள் பல்கலைக்கழகத்தின் துறைத் தலைவர் பேராசிரியர் மிக்கேல்ராஜ். பழங்குடிகளைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எழுதியவர். கூடத்தின் படத்தை வேம்பு சான்றாகக் கொடுத்திருந்ததால், பதிவேட்டோடு என்னையும் வரச் சொன்னார்கள்.

முதலில் ஊரில் விசாரித்தார்கள். வேம்புவுக்குச் சின்ன வயதில் வேளாங்கண்ணியில் முடியிறக்கியது தெரியவந்தது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அங்கே முடியிறக்கவில்லை. பேராசிரியர் கத்தோலிக்கர். ஆண்டுதோறும் அங்கே நடைப்பயணம் போகிறவர். அவர்தான் அதைக் குறித்துக்கொண்டார்: "பழங்குடி வழிபாட்டு மரபைக் கைவிட்டவர்கள்."

பிறகு, 19-02-2009 அன்று, காத்தான் தன் தொழிலைச் செய்துகாட்ட வேண்டும் என்று மேலப் பங்குக்கு அழைத்துப் போனார்கள். தாளடி அறுத்து முடிந்திருந்தது. நிலத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் வண்ணம் அடித்த கற்கள் நட்டிருந்தன. காத்தான் மண்வெட்டியும் சட்டியும் கொண்டுவந்திருந்தார். மனைவி ராசம்மாள் வைக்கோல் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். வேம்பு அரை நாள் விடுப்பு.

காத்தான் வரப்பின்மேல் போகவில்லை. ஓரமாகவே நடந்தார். ஒரு இடத்தில் குந்தி, கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தார்.

"இதான் வளை. ஏழு எட்டு உருப்படி இருக்கும். வாயி இங்க ஒண்ணு, அந்தக் கல்லுக்குப் பின்னால ஒண்ணு. மூணாவது ஒண்ணு மண்ணைப் போட்டு அடைச்சு வச்சிருக்கும். அதுலதான் ஓடும்."

"சொன்னதெல்லாம் சரி. வெட்டுங்க" என்றார் பேராசிரியர்.

காத்தான் எழுந்து நின்று கையை நீட்டினார்.

"என்ன?"

"மண்ணு, சாமி."

"என்ன மண்ணு?"

வேம்பு வழக்கத்தைச் சொன்னாள். நான் மேலே எழுதியதைப்போல, ஒன்றும் கூட்டாமல் சொன்னாள். பாட்டனாரைக் கட்டிவைத்து அடித்ததையும் சொன்னாள். பேராசிரியர் நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்.

"இது எங்கே எழுதியிருக்கு?"

"எங்கேயும் எழுதல சார். நாங்க செய்யறது."

"நான் பதினெட்டு இருளர் குடியிருப்புல வேலை பண்ணியிருக்கேன். யாரும் சொன்னதில்லையே."

"அங்கல்லாம் காட்டுப் பக்கம் சார். வரப்பு இருக்காது."

வருவாய் அதிகாரிக்கு வெயில் பொறுக்கவில்லை. "யோவ், நான் சொல்றேன். அரசாங்கம் சொல்லுது. வெட்டுய்யா."

"அரசாங்கம் மண்ணெடுத்துப் போடுமா சாமி?"

"உன் கையில மண்ணு போட நான் என்ன உன் பண்ணையாளா?"

"நீங்க போட்டாலும் செல்லாதுங்க. நெலத்துக்காரங்க போடணும்."

ஆய்வாளர் சிரித்துவிட்டார். "பொண்ணுக்கு வேலை போகப் போவுது, அப்பன் சட்டம் பேசுறான் பாருங்க."

வேம்பு அப்பாவின் பக்கத்தில் போனாள். "அப்பா. ஒரு வெட்டு. ஒரே ஒரு வெட்டு வெட்டிருப்பா. நான் பாத்துக்கறேன்."

"நீ என்னத்தைப் பாத்துக்குவ பாப்பா? சின்னாண்டைக்கு ஒரு போன் போடு. அவரு வாயால சொல்லட்டும். மண்ணை நானே எடுத்துக்கறேன். அது போதும்."

காத்தானுக்கு அது பெரிய விட்டுக்கொடுத்தல். நேரில் வராத மனிதரின் குரலை மண்ணுக்குப் பதிலாக ஏற்கச் சம்மதித்தார். வேம்பு சிங்கப்பூர் எண்ணைத் தேடி எடுத்துப் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"சின்னாண்டே, நான் காத்தான்."

"எந்தக் காத்தான்?"

"எலிக் காத்தான்."

"ஓ. சொல்லு. மீட்டிங்ல இருக்கேன்."

"மேலப் பங்குல ஒரு வளை வெட்டணும். வெட்டிக்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எதுக்கு? யாரு வெட்டச் சொன்னா?"

"ஆபீசருங்க வந்திருக்காங்க. நாங்க இருளருதானான்னு பாக்குறாங்க."

சதீஷ் சொன்னான்: "வேணாம் காத்தான். அதைப் பிளாட் போடக் குடுத்தாச்சு. அக்ரிமெண்ட் ஆயிருச்சு. ஆபீசர் வந்து, பழங்குடி பரம்பரையா வெட்டுன இடம், அது இதுன்னு எழுதிட்டா நாளைக்கு யாரு கேஸ் நடத்துறது? யாரும் தொடக் கூடாது. சொல்லிரு."

போன் நின்றது. காத்தான் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டார்.

"வேணாம்னுட்டாரு" என்றார், அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பதுபோல.

ராசம்மாள் புலம்பினார். "தொட்டிருந்தா என்ன, கொன்னா போட்டுடுவாங்க? ஆண்டையும் இல்ல, பயிரும் இல்ல. யாருக்கய்யா பயப்படுற?"

"பயமில்ல புள்ள" என்றார் காத்தான்.

திரும்பும்போது வருவாய் அதிகாரி சாட்சிப்படி அறுபது ரூபாயைக் காத்தானிடம் கொடுத்து ரசீதில் கைநாட்டு வாங்கினார். மையைத் துடைக்க ராசம்மாளின் வைக்கோல் கட்டிலிருந்து ஒரு கைப்பிடி உருவினார்கள்.

குழுவின் அறிக்கையில் இந்தப் பத்தி இருக்கிறது: "பாரம்பரியத் தொழிலைச் செய்துகாட்டும்படி பலமுறை கேட்டும் மறுத்துவிட்டார். மண் கொடுத்தல் என்று அவர்கள் கூறும் வழக்கம் எந்த ஆய்விலும் பதிவாகவில்லை. சோதனையைத் தவிர்க்க அந்த இடத்திலேயே புனைந்ததாகக் கருத இடமுண்டு."

கடைசி விசாரணை 2010 ஆகஸ்டில் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. சுவரிலிருந்து படத்தைக் கழற்றி மேசைமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் காத்தானை நிறுத்தினார்கள்.

"முப்பத்தஞ்சு வருஷத்துல முகம் மாறியிருக்கு. ஜாடையை வச்சு முடிவு பண்ண முடியாது" என்றார் பேராசிரியர். "வேற அடையாளம் ஏதாவது?"

காத்தான் இடது கையை விரித்துக் காட்டினார். மோதிர விரலின் மொட்டை நுனியை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு படத்தைப் பார்த்தார்கள். படத்தில் அந்தக் கை வளைக்குள் இருந்தது.

"எடுத்த அன்னைக்குக் கையை வெளிய வச்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார் போலீஸ் ஆய்வாளர்.

"வெளிய வச்சா எலி எப்படிங்க வரும்?" என்றார் காத்தான்.

என்னைப் பதிவேட்டை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். வரிசை எண், பொருள், இடம், ஆண்டு, அளித்தவர் பெயர். ஐந்து பத்திகள். படத்தில் இருப்பவர் பெயர் என்று ஒரு பத்தி அந்தப் பதிவேட்டில் தொடக்கத்திலிருந்தே கிடையாது. அளித்தவர் பத்தியில் படம் எடுத்தவரின் பெயர் இருந்தது. அவர் தன் நாட்டில் இறந்துபோய் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

30-09-2010 அன்று மாலை வேம்புவுக்குப் பணிநீக்க உத்தரவு கொடுத்தார்கள். சான்றிதழ் ரத்து. அவள் இருளர் இல்லை. என்ன இனம் என்று உத்தரவில் எழுதவில்லை. மேசை இழுப்பறையைக் காலி செய்து, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, மேற்குச் சுவருக்குப் போனாள். படத்தை மறுபடி மாட்டியிருந்தார்கள். அட்டையில் எழுத்து மாறவில்லை. கண்ணாடியைத் துடைத்தாள். அன்று எதுவும் சொல்லிக்கொண்டு துடைக்கவில்லை.

அதன் பிறகு காத்தான் நான்கு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை என்று ராசம்மாள் சொன்னார். 27-01-2011 அன்று விடிவதற்கு முன்னால் மண்வெட்டி, சட்டி, சாக்கோடு கிளம்பிப் போயிருக்கிறார். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான பரிசோதனைப் பண்ணை, வளாகத்துக்குப் பின்னால் உள்ளது. சம்பா அறுப்புக்கு நின்றது. அதன் வடக்கு வரப்பில் இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. யாரும் மண் கொடுக்கவில்லை.

காலை எட்டு மணிக்குள் பதினொரு எலி பிடித்துவிட்டார். பிடித்த வளையையெல்லாம் மறுபடி அடைத்து மிதித்துவிட்டார், ஒன்றைத் தவிர. அதை அடைக்கும்போதுதான் காவலாளிகள் வந்தார்கள். சாக்கைத் தூக்கிக்கொண்டு, "புரபசர் ஐயா வீடு எதுங்க? இதை அவருக்குக் காட்டணும்" என்று கேட்டிருக்கிறார். அடித்தார்கள். பிறகு மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டிப்போட்டார்கள்.

எனக்குச் செய்தி வந்து நான் போனபோது வேம்பு வந்துவிட்டாள். காத்தானின் இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. சாக்கு பக்கத்தில் கிடந்து அசைந்துகொண்டிருந்தது. பேராசிரியர் மிக்கேல்ராஜும் அங்கே இருந்தார். காவலாளிகள் தகவல் சொல்லி வரவழைத்திருந்தார்கள்.

"எண்ணிப் பாருங்க சாமி" என்றார் காத்தான். "பதினொண்ணு. ஒண்ணு குட்டி போட்டிருந்துச்சு. அதை விட்டுட்டேன்."

பேராசிரியர் சாக்கின் பக்கம் போகவில்லை. "வேம்பு, உங்கப்பாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இது முறையா நடந்த சோதனை இல்ல. குழு முன்னாடி செய்யச் சொன்னப்ப செய்யல. இப்ப செஞ்சா கணக்குல வராது."

"கட்டை அவுத்து விடச் சொல்லுங்க சார்" என்றாள் வேம்பு.

"அது பண்ணை மேலாளர் முடிவு. வரப்பு உடைஞ்சிருக்கு, அவங்க புகார் கொடுக்காம இருந்தாலே பெரிசு." போகத் திரும்பியவர் நின்று, இதையும் சொன்னார்: "கூப்பிடாம வெட்டமாட்டோம்னு நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க?"

மேலாளர் வர மதியம் இரண்டு மணி ஆயிற்று. வரப்புச் சேதத்துக்கு ஐந்நூறு ரூபாய் கட்டினால் புகார் இல்லை என்றார். அவள் கட்டினாள். ரசீது வாங்கினாள். கட்டை அவிழ்த்தார்கள். அவர்கள் கிளம்பியதும் காவலாளிகள் சாக்கை வாய்க்காலில் எறிந்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வண்டியில் போகும்போது காத்தான் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். அதில் ஒன்றும் இல்லை.

"கூப்பிடாம போனேன் பாரு" என்றார் மகளிடம். "எங்க பாட்டன் போன மாதிரியே போனேன்."

"எனக்காகத்தான போன."

"யாருக்காகப் போனா என்ன. போகக் கூடாதுல்ல."

மணிக்கட்டு கோணலாகக் கூடியது. அந்தக் கை அதன் பிறகு எந்த வளைக்குள்ளும் போகவில்லை. சட்டியைக் களத்துமேட்டில் கவிழ்த்து வைத்துவிட்டார். அடுத்த வருஷம் மார்ச்சில், வாங்கிய சம்பளம் முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லி வேம்புவுக்கு உத்தரவு வந்தது. அவள் திருப்பூர் போய் ஒரு பனியன் கம்பெனியில் துணி சோதிக்கும் வேலையில் சேர்ந்தாள். அங்கே யாரும் அவள் இனத்தைக் கேட்கவில்லை. பெயரையும் அதிகம் கேட்கவில்லை. அட்டையில் எண் இருந்தது. உத்தரவுகளை எதிர்த்துப் போட்டிருந்த வழக்கின் தேதிக்கு மட்டும் வந்து போனாள். 08-12-2012 அன்று காத்தான் இறந்தார். வேம்பு வருவதற்குள் எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் புதைக்க வாய்க்கால் புறம்போக்கில் இடம் கொடுத்தவர்கள் இருட்டுவதற்குள் முடிக்கச் சொன்னார்கள். 2013 நவம்பரில் நீதிமன்றம் அவள் மனுவைத் தள்ளியது. குழு நேரில் பார்த்து எழுதியதில் தலையிட முடியாது என்றது.

மேலப் பங்கு இப்போது மனைகளாகிவிட்டது. முகப்பில் வளைவு கட்டி சதீஷின் தகப்பனார் பெயரை வைத்திருக்கிறார்கள்.

நான் ஓய்வு பெற்றுப் பூதலூரில் வீட்டோடு இருந்தபோது, ஒரு நாள் ராசம்மாள் ஒரு உறையை எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பல்கலைக்கழகத்தின் முத்திரை தெரியும். அத்தனை உறை அந்தக் குடிசைக்கு வந்திருக்கிறது.

"வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்களா சார்?"

பிரித்துப் பார்த்தேன். "இல்லம்மா. இது உங்க வீட்டுக்காரர் பேருக்கு வந்திருக்கு."

"அவருக்கா?"

வாசித்துக் காட்டினேன். "பெருமதிப்பிற்குரிய இருளர் மரபறிஞர் திரு. காத்தான் அவர்களுக்கு" என்று தொடங்கியது. ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடிகள் நாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னிலையில் தாங்கள் எலி பிடிக்கும் மரபு முறையைச் செய்துகாட்டிச் சிறப்பிக்க வேண்டும். அதற்காகப் பரிசோதனைப் பண்ணையின் வடக்கு வரப்பு ஒதுக்கப்பட்டுள்ளது. பயணப்படி பெறச் சாதிச் சான்றிதழின் நகலை இணைக்கவும். கீழே பேராசிரியர் மிக்கேல்ராஜின் கையெழுத்து. உறையில் இருந்த முகவரி, வேம்புவின் விசாரணைக் கோப்பில் உள்ள அதே முகவரி.

ராசம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த வரப்புன்னீங்க?"

"வடக்கு வரப்பு."

"அதேதான்." தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "இப்ப மண்ணெடுத்துக் குடுக்குறாங்களாமா?"

"அப்படி ஒண்ணும் எழுதலம்மா."

"பாப்பாவுக்குச் சொல்லாதீங்க சார்" என்றார். செம்பை வைத்துவிட்டு எழுந்து போனார். கடிதத்தை எடுத்துப் போகவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து அந்த வீட்டுக்கு அதன் பிறகு எதுவும் வரவில்லை. அது வந்த நாள் 24-07-2014.